தாத்தாவின் இனிஷியல்

கூலரில் "காஸ்" என்று சொல்லும் மரச்சீவலைப் புதிதாக அடைத்த முதல் நாள், வீடு முழுவதும் அதன் ஈர வாசனை நிறைந்திருக்கும். தில்லி கிட்வாய் நகரில் அரசு ஊழியர்களுக்கான குடியிருப்பில், இரண்டே அறைகள் கொண்ட எங்கள் "குவார்ட்டர்ஸில்" கோடைக்காலம் அப்படித்தான் தொடங்கும். எனக்குப் பத்து வயதாக இருந்த ஒரு கோடையில், அந்த ஈரக்காற்றுக்கு முன்னால் தரையில் குப்புறப் படுத்து விடுமுறைப் பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது, எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறையாக யாரும் உச்சரிக்காத ஒரு பெயரை நான் தெரியாமல் கிளறிவிட்டேன்.

பாடம் சாதாரணமானதுதான். ஒரு மரம் வரைந்து அதில் நான்கு தலைமுறைப் பெயர்களை எழுதி வரவேண்டும். என் வகுப்பில் மற்ற எல்லோருக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்தது. எங்களுக்கு இருந்ததெல்லாம் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து. ஆனால் அந்த எழுத்தை வைத்தே ஏறிப்போய்விடலாம் என்று எனக்கு ஒரே தைரியம். அப்பா ந. மாணிக்கம், "ந" என்றால் நடராஜன், எங்கள் தாத்தா. தாத்தா சோ. நடராஜன், "சோ" என்றால் சோமசுந்தரம் என்று அப்பாவின் பழைய காகிதம் ஒன்றில் பார்த்திருக்கிறேன். ஆகவே தாத்தாவின் அப்பா சோமசுந்தரம் என்று மரத்தின் உச்சியில் எழுதி, சுற்றிலும் பச்சை இலைகளும் வரைந்துவிட்டேன்.

அப்பாவின் அக்கா, மயூர் விஹாரில் இருந்த எங்கள் அத்தை, அன்று ஊறுகாய் போட வந்திருந்தார். மாங்காய் நறுக்கிய கையோடு குனிந்து பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"யாருடி உன்கிட்ட இப்படிச் சொன்னது? சோமசுந்தரம் உங்க தாத்தாவுக்கு அப்பா இல்லடி. தாய்மாமன்."

"அப்ப தாத்தாவோட அப்பா யாரு அத்தை?"

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். "அக்கா, குழந்தைகிட்ட அதெல்லாம் எதுக்கு?"

சமையலறையில் ஆட்டா பிசைந்துகொண்டிருந்த அம்மாதான் குரல் கொடுத்தாள். "சொல்லாம இருந்தா அவரு இல்லைன்னு ஆயிடுமா அண்ணி? அவ பத்து வயசுப் பொண்ணு. கேக்கட்டும்."

அப்படித்தான் காளிமுத்துவின் பெயர் எங்கள் வீட்டுக்குள் வந்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில், வலங்கைமான் அருகே இருக்கும் ஆலங்குடிக்காரர். வெள்ளைக்காரர் காலத்தில் தில்லி அரசு அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை. வெயில் காலம் வந்தால் அரசாங்கம் சிம்லா மலைக்குப் போகும். அச்சகத்தில் பாதிப்பேரும் கூடவே போகவேண்டும். அப்படிப் போன ஒரு வருடம் அவர் திரும்பவில்லை. கடிதமும் இல்லை. மலையிலிருந்து முன்னதாகவே திரும்பிய ஊர்க்காரர் ஒருவர், "உங்க ஆளு மலையில ஒரு பொம்பளை வீட்டுல இருக்காரு" என்று சொன்னார். அதோடு ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. கைக்குழந்தையோடு நின்ற தங்கையைச் சோமசுந்தரம் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். அந்தக் குழந்தை, அதாவது என் தாத்தா, பள்ளிக்கூடத்தில் சேரும்போது, ஓடிப்போனவன் பெயர் வேண்டாம் என்று சோமசுந்தரம் தன் பெயரின் முதலெழுத்தையே கொடுத்துவிட்டார்.

"எங்க அப்பாயி, அதான் உங்க தாத்தாவோட அம்மா, கடைசி வரைக்கும் பொட்டு வெச்சிருந்தாங்க," என்றார் அத்தை. "கல்யாண வீட்டுல கூடப் பொம்பளைங்க காதுபடவே கேப்பாளுங்களாம், ஓடிப்போனவனுக்கு என்னடி பொட்டுன்னு. அழிச்சா செத்துட்டான்னு அர்த்தம், வெச்சிருந்தா வெக்கம் கெட்டவள்னு அர்த்தம். அப்பாயி வெச்சிருந்தாங்க."

தாத்தாவும் பிறகு தில்லிக்கே வேலைக்கு வந்தார். முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் இருந்தார். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் விடுமுறைச் சலுகையில் குடும்பத்தோடு சிம்லா போய்வருவார்கள். தாத்தா மட்டும், "மலைக் காத்து எனக்கு ஒத்துக்காது" என்று சொல்லிவிடுவார். போகாதவருக்கு எப்படி ஒத்துக்காது என்று தெரியும் என அம்மா அப்பாவைக் கேட்டதுண்டாம். மலை ஏறினால், தன் முகச்சாயலில் இன்னொருவன் எதிரே வந்துவிடுவானோ என்று அவர் பயந்திருக்கிறார். அந்தப் பயம் அப்பாவுக்கும் கொஞ்சம் இருந்தது என்பதை நான் வெகுநாள் கழித்தே புரிந்துகொண்டேன்.

ஆனால் அப்பா ஒரு குமாஸ்தா. கோப்புகளோடு வாழ்ந்தவர். அன்று சாயங்காலம் டீ டம்ளரைக் கீழே வைத்துச் சொன்னார்: "அக்கா, ஊர்ல ஒரு மனுஷன் காணாமப் போகலாம். சர்க்கார் வேலைல இருந்தவன் காணாமப் போகமுடியாது. ஓடிப்போனா அதுக்கு ஒரு ஃபைல் இருக்கும். செத்துப்போனா அதுக்கும் ஒரு ஃபைல் இருக்கும். நான் பாத்துடறேன்."

"பாத்து? அந்த மலைக்காரி பேரும் புள்ளைங்க பேரும் கிடைச்சா என்னடா பண்ணுவ?"

"இருந்தா எழுதிக்குவேன். குழந்தை மரத்துல கிளை நிறையத்தான் இருக்கு."

பழைய அரசு ஆவணங்களைப் பாதுகாக்கும் காப்பகத்துக்கு அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். பள்ளி விடுமுறை என்பதால் என்னையும் கூட்டிப்போனார். வாசலில் இருந்த எழுத்தர் என்னைப் பார்த்துத் தயங்கினார். பிறகு, "பச்சி ஹை, பைட்னே தோ", குழந்தைதானே, உட்காரட்டும் என்று தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொண்டார். உள்ளே பேனா கூடாது, பென்சில்தான். உயரமான மேசை, தலைக்கு மேலே முனகும் மின்விசிறி, தொட்டால் விரலில் பழுப்பு ஒட்டும் பெரிய பெரிய பதிவேடுகள். அப்பா ஆங்கிலத்தில் "கே" வரிசையில் காளிமுத்துவைத் தேடினார். முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் பதிவேட்டை மூடிவிட்டுக் கண்ணைத் தேய்த்தார். "நிஜமாவே ஓடித்தான் போனாரோ என்னவோ," என்றார் மெதுவாக.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. என் பெயர் முல்லைக்கொடி. பள்ளிக்கூடத்தில் ஒருவராவது அதைச் சரியாகச் சொன்னதில்லை. ஒரு ஆசிரியைக்கு நான் முல்லா, இன்னொருவருக்கு மூலிகோடி, வருகைப் பதிவேட்டில் வேறு ஏதோ. என் பெயர் கூப்பிடப்படும்போது அது என் பெயர்தான் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு தனிக் காது முளைத்திருந்தது.

"அப்பா, நீங்க சரியாத் தேடறீங்க. எங்க மிஸ் சொல்ற மாதிரி தப்பாச் சொல்லிப் பாருங்க," என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, அவ்வளவு பெரிய மனிதர், சட்டைப்பையில் பென்சில் செருகியவர், அந்த அமைதியான அறையில் உதட்டைக் குவித்துத் தன் தாத்தாவின் பெயரை வெள்ளைக்காரத் துரை போலச் சொல்லிப் பார்த்தார். "காலி மூட்டூ. காலீ மோட்டோ." எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, அவருக்கும் வந்தது. எழுத்தர் திரும்பிப் பார்த்தார். துரை "சி" போட்டும் தொடங்கியிருக்கலாம் என்று, "கே"யை விட்டுவிட்டு "சி" வரிசைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினோம். ஒரு மணி நேரத்தில், நான் விரல் வைத்த வரியில், இரண்டு துண்டாக உடைந்து, தேவையில்லாத எழுத்துகள் எல்லாம் சேர்ந்து, காளிமுத்து இருந்தார். எழுத்துக் கோர்க்கும் தொழிலாளி. ஆலங்குடி, மதராஸ் மாகாணம். அதற்கு நேரே ஒரு கோப்பு எண்.

அந்தக் கோப்பு மறுநாள் கிடைத்தது. நாலைந்து தாள்கள்தான். மழைக்காலத்தில் சிம்லா மருத்துவமனையில் விஷக்காய்ச்சலில் இறந்திருக்கிறார். ஊர்க்காரர் அவரைப் பார்த்துவிட்டுக் கிளம்பிய சில வாரங்களுக்குள் நடந்தது. இறப்பை அறிவித்தவர், அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர், ஒரு விதவை. கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை. உடைமைகள்: வேட்டி மூன்று, கோட்டு ஒன்று, குடை ஒன்று, பித்தளைச் செம்பு ஒன்று, குழந்தைக்கான கம்பளிக் குல்லாய் ஒன்று. கடைசித் தாள், மனைவிக்கு அச்சகம் எழுதிய கடிதத்தின் நகல். அதன் மேல் விலாசம்: ஆலங்குடி, புதுக்கோட்டை. அப்படி ஒருவர் இங்கு இல்லை என்று அஞ்சல்காரர் எழுதித் திருப்பி அனுப்பிய குறிப்பும் கோப்பில் இருந்தது.

அங்கே இருந்த யாருக்கோ புதுக்கோட்டைப் பக்கத்து ஆலங்குடி மட்டும்தான் தெரிந்திருக்கிறது; எங்களுடையது வலங்கைமான் ஆலங்குடி.

அப்பா எழுந்துபோய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் எல்லாவற்றையும் பென்சிலால் நகல் எடுத்தார். "எல்லாம் சரியா இருக்கும்மா. ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கு, கைரேகை இருக்கு. ஊர் மட்டும்தான் தப்பு," என்றார். குல்லாய் என்ற வரிக்கு வந்தபோது பென்சில் நின்றது. அது யாருக்கு வாங்கியது என்று நான் கேட்கவில்லை.

நேராக மயூர் விஹாருக்குப் பேருந்து பிடித்தோம். அப்பா வாசித்தார். அத்தை ஒரே ஒரு இடத்தில் குறுக்கிட்டார். "பாத்தியா, ஒரு பொம்பளை இருந்திருக்கா!"

"இருந்தா, அக்கா. வாடகைக்கு விட்டவ. செத்தவருக்காகப் போய்ச் சொல்ல ஒருத்தி இருந்தாளே, அந்த மட்டும் சந்தோஷப்படு."

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "அப்பாயி காதுல இதை இனிமே யாருடா போய்ச் சொல்றது?" என்று கேட்டார். அப்பா தாள்களை மடித்துப் பையில் வைத்தார். பிறகு அத்தையே நிமிர்ந்து உட்கார்ந்தார். "அச்சா, நான் ஒண்ணு சொல்றேன் கேளு. அவரு பேரை எழுது. ஆனா மாமன் பேரை எடுத்துடாதே. பெத்தது அவரு, தூக்கி வளத்தது இவரு."

"எடுக்கமாட்டேன்க்கா. அந்த எழுத்து நம்ம அப்பாவுக்குச் சோறு போட்ட எழுத்து."

பள்ளி திறந்ததும் என் மரத்தில் தாத்தாவுக்கு மேலே இரண்டு பெயர்கள் இருந்தன. ஆசிரியை சிவப்புப் பேனாவை எடுத்தார். "பேட்டா, பாப் தோ ஏக் ஹீ ஹோதா ஹை," என்றார். ஒருவருக்கு அப்பா ஒருவர்தானே. நான் கொஞ்சமும் அசராமல், "ஹமாரே தாதாஜி கே தோ தே, மேம்," எங்கள் தாத்தாவுக்கு இரண்டு பேர் என்று சொல்லி, எழுந்து நின்று முழுக்கதையையும் சொன்னேன். புதுக்கோட்டை வந்த இடத்தில் அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அந்த வருட ஆடி அமாவாசையில் அப்பா முதல்முறையாகக் காளிமுத்துவின் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டார். அதுவரை அவர் குடும்பத்தில் யாரும் அவருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதில்லை. அடுத்த கோடையில் நாங்கள் சிம்லா போனோம். அந்த வீடு இருந்த தெருவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் அப்பா அன்று முழுவதும் மலைக்காற்றில் மார்பைத் திறந்துகொண்டு நடந்தார். அவருக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது.

இப்போது நான் தில்லியிலேயே துவாரகாவில் இருக்கிறேன். கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் உயரமான கட்டடங்கள் நிற்கின்றன. எங்கள் வீட்டு எண்ணே இன்று இல்லை. அத்தை இல்லை. அப்பாவும் போன வருடம் போய்விட்டார். அந்தக் கோடையில் தொட்டிலில் கிடந்த என் தம்பிதான் இந்த ஆடி அமாவாசைக்குக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தான். புரோகிதர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். மாணிக்கம், நடராஜன், காளிமுத்து என்று அவன் தடுமாறாமல் சொன்னான். "தாய்மாமன் சோமசுந்தரம்" என்று தனியாக இன்னொரு பிடி எள்ளும் விட்டான். தமிழ் எழுதத் தெரியாத அவன் மகன் பக்கத்தில் நின்று, எல்லாவற்றையும் கைப்பேசியில் இந்தி எழுத்தில் குறித்துக்கொண்டிருந்தான்.

கேட்பது மூன்று தலைமுறைதான். என்றாவது ஒருநாள் அந்த மகன் உட்காரும்போது, அவன் அப்பா பெயரில் தொடங்கி நடராஜனோடு நின்றுவிடுவான். காளிமுத்துவின் முறை முடிந்திருக்கும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. இந்தத் தடவை அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போவார்.