பவுலின் வீட்டு ஒழுகல்

பட்டாளம் தங்கும் தண்டுப் பகுதியில், மாதா கோயிலுக்குப் பின்னால், இருபது வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் சந்து எங்களுடையது. ஒரு வீட்டில் மீன் வறுத்தால் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். அதற்காகச் சண்டை வந்ததில்லை. சாத்துகிற சத்தம்தான் கொஞ்சம் பலமாக இருக்கும். குழாய் வந்தது, மின்சார விளக்கு வந்தது. கிணற்றையும் நாங்கள் விடவில்லை.

1898இல் பிளேக் வந்தபோது பவுலின் அம்மாளுக்கு இருபத்து மூன்று வயது. கணவர் யூஜின், பள்ளிக்கூட வாத்தியார், மூன்றே நாளில் போய்விட்டார். வெயில் உள்ளே விழட்டும் என்று சுகாதார ஆட்கள் கூரை ஓடுகளைப் பிரித்துப் போட்டார்கள். ஊருக்கு வெளியே கொட்டகையில் ஒரு மாதம் இருந்துவிட்டு, கைக்குழந்தை அலெக்சாண்டரோடு பவுலின் திரும்பியபோது ஓடுகளில் பாதி நொறுங்கிக் கிடந்தன. ஐப்பசி மழை எப்போது வேண்டுமானாலும் கொட்டலாம். நோய் வந்த வீடு என்று ஒருவரும் கிட்டே போகவில்லை. என் அப்பாவும் கதவைச் சாத்தினவர்தான், மறைப்பானேன்.

முதலில் போனவர் எதிர்வீட்டு சேஷகிரி ஐயர், சர்க்கார் குமாஸ்தா. தன் வீட்டுக்கு வாங்கி அடுக்கியிருந்த புது மங்களூர் ஓடுகளைத் தானே சுமந்துகொண்டு போய் அவள் வாசலில் இறக்கினார்.

“எங்காத்துப் பழைய கூரை இன்னும் ஒரு மழை தாங்கும். கொழந்தை தாங்காது” என்றார்.

அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு வெட்கம் வந்தது. வீட்டுக்குப் பத்து, பதினைந்து என்று வளைந்த சின்ன நாட்டு ஓடுகள் வந்து சேர்ந்தன. அப்பா இருபது கொடுத்தார். கொத்தனார் சந்தானம் தலையைச் சொறிந்தார்.

“மங்களூர் ஓடும் நாட்டு ஓடும் ஒண்ணா உக்காராதுங்க. சேர்ற எடத்துல ஒழுகும். அப்புறம் என்னைக் கேக்காதீங்க.”

சொன்னபடியே ஒழுகியது, முப்பத்து மூன்று வருஷம். பவுலின் தையல் டீச்சராகி மகனை ஆளாக்கினாள். மழை பிடித்தால் கூடத்தின் நடுவில் ஒரு பித்தளைக் குண்டானை வைப்பாள். மழை விடுவதற்குள் யாராவது வந்து, “ஒழுகுதா பவுலினம்மா?” என்று கேட்டுவிடுவார்கள். ஐயரின் மனைவி ஜகதாம்பாள் ஆசாரக்காரி. குடையோடு வாசலில் நின்றே கேட்பாள், படி தாண்டியதில்லை.

1931இல் அலெக்சாண்டர், ரயில்வே சம்பளக்காரன், கூரை முழுவதையும் புது ஓடாக மாற்றினான். சந்தே பாராட்டியது. பவுலின் மட்டும் முகம் வாடி இருந்தாள்.

“இனிமே ஒழுகாதே டோரதி. யாரு வந்து கேப்பாங்க?” என்றாள் என்னிடம். நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

அடுத்த மழையன்று, தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க பவுலின் வீட்டுக்குப் போன நான் அங்கேயே மாட்டிக்கொண்டேன். குண்டான் பழைய இடத்தில் காலியாக இருந்தது. பவுலின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் போயிற்று. பிறகு ஒரு குடை தெரிந்தது.

“ஒழுகறதா?”

“இல்லீங்கம்மா” என்றாள் பவுலின்.

ஜகதாம்பாள் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தாள். படி தாண்டி உள்ளே வந்தாள். இப்படிப்பட்ட சந்தில் என்னைப் பிறக்க வைத்த ஆண்டவருக்கு அந்த நிமிஷத்துக்காகவே இன்றும் நன்றி சொல்கிறேன்.

குண்டானை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, அது இருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள் ஜகதாம்பாள்.

“அப்போ எங்க வேணா உக்காரலாம்னு சொல்லு.”