மண் சரிந்த வாரத்தில் ஒரு சீஸ் சட்டி

இறம்பொடைக்கு மேலே, தேயிலை மலை முடிந்து பைன் காடு தொடங்கும் இடத்தில் கொழும்புக்காரர் ஒருவர் கூடாரங்கள் போட்டு நடத்துகிறார். ஊர் பார்க்க வருகிறவர்கள் அங்கே தங்குவார்கள். நான் அங்கே சமையல்காரி. அதற்கு முன் எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்தேன். என் கணவர் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறார், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார். கூடாரங்களிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அதில் ஒரு அறை, ஒரு காம்பரா எனக்கு. அடுத்த காம்பரா என் அக்காவுக்கும் அத்தானுக்கும்.

முதலாளி ஒரு தடவை வெளிநாடு போய்வந்தபோது இரண்டு வார்ப்பிரும்புச் சட்டிகள் கொண்டுவந்தார். குட்டையாக மூன்று கால்கள், தூக்குவதற்குக் கம்பிப் பிடி, விளிம்பு எழும்பிய தட்டை மூடி. ஒன்றை என்னால் தனியாகத் தூக்க முடியும். மற்றதைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். அடியில் கொஞ்சம் தணல், மூடியின் மேல் நிறையத் தணல். இரண்டு பக்கமும் சூடு பிடித்து, பேக்கரி அடுப்பில் வைத்தது மாதிரி வெந்துவிடும். முதலாளி கைபேசியில் படம் போட்டுக் காட்டி, பக்கத்தில் நின்று இரண்டு தடவை செய்ய வைத்தார். மூன்றாம் தடவை என்னிடமே விட்டுவிட்டார்.

உருளைக்கிழங்கை மெல்லிசாக வெட்டி அடுக்க வேண்டும். அதன் மேல் வதக்கிய லீக்ஸ், கரட், கோழித் துண்டு. கோதுமை மாவும் பாலும் சேர்த்துக் காய்ச்சிய கூழை ஊற்றி, மறுபடியும் கிழங்கு. கடைசியாக மேலே துருவிய சீஸ், கை நிறைய. சில நாள் கிழங்குக்குப் பதிலாக மக்கரோனி. மிளாறுச் சுள்ளியை எரித்தால் தணல் நிற்காது, சாம்பலாகிப் போகும். பழைய தேயிலைச் செடியைப் பிடுங்கிப் போடுகிற இடத்திலிருந்து வேர்க்கட்டை கொண்டுவந்து எரித்தேன். அந்தத் தணல் நின்று எரியும். மூடியைத் திறக்கும்போது சீஸ் பொன்னிறமாகக் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். குளிரில் வந்து உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் பார்த்ததும் கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்து வருவார்கள்.

எனக்கு முதலில் அந்த வாசம் குமட்டியது. போகப் போகப் பழகிவிட்டது. மிஞ்சியதை லயத்துக்குக் கொண்டுபோனால் அக்கா கொஞ்சம் சாப்பிடுவாள். அத்தான் மூக்கைப் பொத்திக்கொள்வார். "பால நல்லதா குடிக்காம, அத ஊசப்போட்டா திங்கிறாங்க?" என்பார். அவருக்கு ஒரு பசு இருந்தது. தோட்டத்து வேலை முடிந்தால் அவர் நேரே போவது பட்டிக்குத்தான். அக்காவிடம் பேசுவதைவிட அதனிடம்தான் அதிகம் பேசுவார் என்று லயத்தில் கேலி செய்வார்கள்.

அந்த வாரம் மழை விடவே இல்லை. கொழும்பிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்திருந்தது. கணவன், மனைவி, கல்லூரிக்குப் போகிற வயதில் இரண்டு மகள்கள். மழை விட்டதும் போகலாம் என்று தங்கினார்கள். பிறகு கீழே பாதையில் பாறை விழுந்துவிட்டது என்று செய்தி வந்தது. அவர்களால் போக முடியவில்லை. அவர்களை விட்டுவிட்டு நானும் லயத்துக்குப் போக முடியவில்லை. முதலாளி கொழும்பில் இருந்தார். கூடாரத்தில் என்னைத் தவிர இருந்தது காவல்காரர் ஒருவர்தான். கொத்மலைப் பக்கத்துச் சிங்களவர், வயதானவர், ஓரளவு தமிழ் பேசுவார்.

அன்று காலையில் அக்கா போன் எடுத்தாள்.

"லயத்துக்குப் பின்னாடி மண்ணு வெடிச்சிருக்குடி. கை போற அளவுக்கு வெடிப்பு. சொவரும் பொளந்திருக்கு."

"தோட்டத்து ஆபீசுல சொன்னீங்களா?"

"சொல்லியாச்சு. பாக்குறோம்னு சொன்னாங்க. எல்லாரும் கோயில் மண்டபத்துக்குப் போகலாம்னு பேசிக்கிட்டு இருக்காங்க."

"பேசிக்கிட்டு இருக்காதீங்கக்கா. போயிருங்க. அத்தானயும் இழுத்துக்கிட்டு போங்க."

"அவரு மாட்ட விட்டுட்டு எங்க வர்றாரு" என்றாள். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். "வைக்கிறேன், சார்ஜ் இல்ல" என்று வைத்துவிட்டாள்.

மதியத்துக்குக் காவல்காரர் ஒரு பக்கம் பிடிக்க, நான் பெரிய சட்டியை ஏற்றினேன். சமையல் கொட்டகையின் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. கிழங்கு வெந்து, அந்தக் குடும்பத்துக்குத் தட்டில் போட்டுக் கொடுத்து, இரண்டாவது தடவை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அது கேட்டது. லாரியில் கல் கொட்டுவது போலத் தொடங்கியது. ஆனால் கொட்டி முடியவில்லை. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. பக்கத்தில் எடுத்து வைத்திருந்த மூடியின் மேலிருந்து தணல் சரிந்து விழுந்தது. பிறகு சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மண் வாசம் வந்தது. புது மழைக்கு வருகிற வாசம் இல்லை அது. கிணறு தோண்டும்போது அடியிலிருந்து வருமே, அந்த மாதிரி வாசம்.

மலை விளிம்புக்கு ஓடினேன். கீழே ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாகப் பனிமூட்டம். அதற்குள்ளிருந்து நாய் குரைக்கிற சத்தம் மட்டும் வந்தது. அக்காவுக்கு போன் எடுத்தேன். போகவில்லை. கையிலிருந்த கரண்டியோடு பாதையில் இறங்கினேன். ஓடை குறுக்கே போகிற இடத்தில் பாதை இல்லை. பாலமும் இல்லை. பெரிய மரமெல்லாம் வேரோடு சேற்றில் உருண்டு போய்க்கொண்டிருந்தது. காவல்காரர் பின்னால் ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நங்கி, யன்ன எப்பா" என்றார். தங்கச்சி, போகாதே என்று. நான் திமிறினேன். "போனா நீயும் இல்ல" என்று தமிழில் சொன்னார்.

கொட்டகைக்குத் திரும்பினேன். அந்தக் குடும்பம் தட்டுகளை அப்படியே வைத்துவிட்டு நின்றிருந்தது. அந்த அம்மா என்னைவிடக் கொஞ்சம் சின்னவள். "அக்கா, கீழ உங்கட ஆக்கள் இருக்காங்களா?" என்று கேட்டாள். இருக்கிறார்கள் என்றேன்.

இருட்டுவதற்கு முன் மறுபடியும் அடுப்பு மூட்டினேன். "பிஸ்கட் இருக்கு அக்கா, நாங்க அத சாப்பிடுறோம், நீங்க இருங்க" என்று அவள் சொன்னாள். எனக்கு உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் அந்தச் சத்தம் திரும்பக் கேட்டது. கட்டை நனைந்து புகைந்தது. ஊதி ஊதிக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் ஒரு குடையைக் கொண்டுவந்து, தணலில் சாரல் விழாதபடி பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். நான் கிழங்கு வெட்டினேன், பால் காய்ச்சினேன், சீஸ் துருவினேன். இடையிடையே போன் எடுத்துப் பார்த்தேன். சட்டி இறங்கியதும் அவளே கரண்டியை என் கையிலிருந்து வாங்கி முதலில் எனக்குப் போட்டாள். எனக்குப் பசித்தது. லயம் இருக்கிறதா, அக்கா இருக்கிறாளா என்று தெரியாமல், தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டேன். சாப்பிட முடிந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

மறுநாள் காலையில் மூட்டம் கொஞ்சம் விலகியது. பச்சை மலையில் மேலிருந்து அடிவரை யாரோ தோலை உரித்துவிட்ட மாதிரி சிவப்பாக ஒரு கோடு. எங்கள் லயத்தில் ஒரு முனையில் தகரக் கூரை கொஞ்சம் தெரிந்தது. எங்கள் பக்கத்து முனை இல்லை. அங்கே காம்பராக்கள் இருந்தன என்று சொல்வதற்கு அடையாளம்கூட இல்லை.

காவல்காரர் என்னை மேல்மலை வழியாகச் சுற்றி, தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்து இறக்கிக் கொண்டுபோனார். லயத்து ஆண்கள் மண்வெட்டியாலும் கையாலும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து இன்னும் யாரும் வந்து சேரவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "ஒங்க அக்கா இஸ்கூல்ல இருக்கா" என்றார். அத்தானைப் பற்றிச் சொல்லவில்லை. மறுபடியும் குனிந்து தோண்டினார்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு ஆட்கள் படுத்திருந்தார்கள். அக்கா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த சேலை, மேலே யாரோ கொடுத்த ஆண்பிள்ளை ஸ்வெட்டர். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"எல்லாரும் கெளம்பிட்டோம்" என்றாள். "நீ முன்னாடி போ, நான் மாட்ட அவுத்துட்டு வாறேன்னு சொன்னாரு. நான் கோயில் திருப்பத்துக்கு வந்து திரும்பிப் பாத்தேன். எதுவுமே இல்லடி."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அழவும் இல்லை. அத்தானை அன்று பின்னேரம் எடுத்தார்கள். பட்டி இருந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே கிடந்தார். வழக்கமாகப் புதைக்கிற இடத்துக்குப் பாதை இல்லாததால், கிடைத்தவர்களை எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் பக்கத்தில் பக்கத்தில் புதைத்தார்கள். பெட்டி இல்லை. துணி சுற்றித்தான். காரியம் செய்யப் பிள்ளையும் இல்லாததால் அக்காவே ஒரு பிடி மண் போட்டாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

பள்ளிக்கூடத்தில் இருந்த அரிசியும் பருப்பும் தீர்ந்துகொண்டு வந்தது. பாதை திறக்காமல் சாமான் வராது என்றார்கள். பிள்ளைகள் வெறும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மேலே கூடாரத்தில் இருந்த சாமானை நினைத்தேன். கரண்ட் போய் குளிர்ப்பெட்டி நின்றுவிட்டது. சீஸ் எல்லாம் வியர்த்துக் குழைந்துபோகும். மறுநாள் திரும்பி மேலே ஏறினேன். கொழும்புக் குடும்பம் அன்று காலையிலேயே நடந்து போயிருந்தது. கீழே நடந்தே வந்து சேர்ந்த ராணுவக்காரர்கள் அழைத்துப் போனார்கள் என்று காவல்காரர் சொன்னார். தங்கள் போர்வைகளையும் உடுப்புகளையும் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கச் சொல்லி விட்டுப் போயிருந்தார்கள்.

உச்சிக்குப் போனால் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். அங்கிருந்து முதலாளிக்கு எடுத்தேன்.

"சேர், கீழ பள்ளிக்கூடத்துல சனம் பட்டினி. சாமான எடுத்துக் குடுக்கவா?"

"கேட்டுக்கொண்டு நிக்கிறதா? எல்லாத்தையும் கொண்டு போங்க" என்றார். லைன் வெட்டி வெட்டி வந்தது. "அந்தச் சட்டியையும்" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

காவல்காரர் போய்ச் சொல்ல, லயத்து ஆட்கள் நான்கைந்து பேர் ஏறி வந்தார்கள். சின்னச் சட்டியை நான் எடுத்துக்கொள்ள, பெரிய சட்டியை ஒரு கம்பில் கோத்துத் தோளில் சுமந்தார்கள். சேற்றில் வழுக்கி இரண்டு பேர் விழுந்தார்கள். சட்டியை விடவில்லை. கிழங்கு, மக்கரோனி, கோதுமை மா, பால்மா, சீஸ் எல்லாம் உரச்சாக்கில் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் தகரத்தைச் சாய்த்து வைத்து அடுப்புப் போட்டேன். கூட்டம் அதிகம் என்பதால் அடுக்கி வைக்கிற வேலையெல்லாம் செய்யவில்லை. கிழங்கையும் மக்கரோனியையும் ஒன்றாகப் போட்டு, பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் வதக்கிச் சேர்த்து, மேலே சீஸைப் பரப்பி மூடினேன். ஒரு சட்டி இறங்க, அடுத்த சட்டி ஏறியது.

"என்னம்மா இது, பால் கெட்டுப்போன வாடை அடிக்குது?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"கெடல. அது அப்புடித்தான் இருக்கும். சாப்பிட்டுப் பாருங்க."

அவர் வாங்கிக்கொண்டு போனார். திரும்ப வந்து தட்டை நீட்டினார். பிள்ளைகள் நூல் மாதிரி இழுபடுகிற சீஸைப் பார்த்துச் சிரித்தார்கள். மண் சரிந்ததற்குப் பிறகு அங்கே கேட்ட முதல் சிரிப்பு அது. பெரியவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நான் ஒரு தட்டில் போட்டு அக்காவிடம் கொண்டுபோனேன். அதுவரை அவள் ஒரு வாய் சாப்பிட்டிருக்கவில்லை. கையில் வாங்கி, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இது மாட்டுப் பால்லதானே செய்யிறாங்க?"

"ஆமாக்கா."

"மாட்டயும் எடுத்தாங்களா?"

எடுக்கவில்லை. மனிதர்களையே எல்லோரையும் எடுத்து முடியவில்லை. "இல்லக்கா" என்றேன்.

தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் வாயைத் திறந்தாள். முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. அப்படி ஒரு அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மைதானத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். அவளைப் பார்த்து அவர்களும் அழுதார்கள். நிறைய நேரம் ஆயிற்று. அடங்கிய பிறகு, ஆறி இறுகிப்போயிருந்த அந்தச் சாப்பாட்டை நானே உருட்டி உருட்டி ஊட்டினேன். மென்று விழுங்கினாள். கொஞ்சம் பொறுத்து வெளியே போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிவிட்டு வந்து, "இன்னும் கொஞ்சம் தா" என்றாள்.

சீஸ் சீக்கிரமே தீர்ந்துபோனது. பாதை ஒரு பக்கம் திறந்து அரிசியும் பருப்பும் வந்த பிறகு அதே சட்டிகளில் சோறு ஆக்கினோம். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வாரம் இருந்தோம். பிறகு பாடம் தொடங்க வேண்டும் என்று எங்களை எழுப்பி, வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற, தோட்டத்துப் பழைய பிள்ளைக் காம்பராவில் போட்டார்கள். பலகையால் தடுத்து ஒரு குடும்பத்துக்கு ஒரு மூலை. எங்களுக்கு வேறு இடத்தில் காணி தருவோம் என்று வந்த அதிகாரிகள் சிங்களத்தில் சொன்னார்கள், கூட வந்தவர் தமிழில் சொன்னார். இன்னும் தரவில்லை. அக்கா மறுபடியும் கொழுந்துக்குப் போகிறாள். அவளுடைய மலையிலிருந்து பார்த்தால் அந்தச் சிவப்புக் கோடு நேரே தெரியும். முதுகைக் காட்டிக்கொண்டு பறிப்பதற்குத் தோதாகக் கங்காணியிடம் நிரை மாற்றிக் கேட்டாள். கொடுத்தார்கள்.

கூடாரம் திரும்பத் திறந்தது. முதலாளி கூப்பிட்டார், போனேன். வேறு வேலை எனக்கு இல்லை. வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு விளிம்பில் போய் நின்று படம் எடுக்கிறார்கள். "அங்க கீழ என்ன, ரோடு போடுறாங்களா?" என்று ஒருவர் கேட்டார். லயம் இருந்தது, மண் சரிந்தது என்றேன். அவர் கைபேசியை இறக்கிவிட்டார். வேறொருவர், அத்தனை வருஷமாக அப்படி ஒரு இடத்தில் ஏன் இருந்தீர்கள் என்று கேட்டார். நாங்கள் பிறந்தது அங்கேதான் என்றேன்.

போன மாதம் மறுபடியும் மழை கனத்தது. சரிவு எச்சரிக்கை என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். கூடாரத்தில் அன்று நிறையப் பேர். சட்டி அடுப்பில் இருந்தது. நான் தணலை வாரி அணைத்தேன். முதலாளிக்கு போன் எடுத்து, வீட்டுக்குப் போகிறேன் என்றேன். "சாப்பாடு?" என்று கேட்டார். "பாண் இருக்கு சேர், பட்டர் இருக்கு. காவல்காரரு குடுத்துக்குவாரு" என்றேன். அவர் சரி என்றார்.

இறங்கிப் போனபோது அக்கா துணிப்பையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். அன்று மண் சரியவில்லை. மழை விட்டதும் அக்கா கொழுந்துக்குப் போனாள், நான் மேலே ஏறினேன்.