கரும்பலகையில் எழுதிய ஆண்டு

நேற்று எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி: கிரகணம், நேரத்தோடு சமையலை முடித்துவிடுங்கள். என் சமையல் இரண்டு கரண்டி உப்புமா. அது எப்போது முடிந்தால் யாருக்கு என்ன? ஆனாலும் பொழிச்சலூருக்கு மேலே தாழப் போகும் விமானத்தைப் பார்த்தபடி ஜன்னலில் நின்றபோது சம்பத் நினைவுக்கு வந்துவிட்டான்.

திருமுடிவாக்கம் பட்டறையில் அவன் தரம் பார்ப்பவன், நான் கம்ப்யூட்டரில் சரக்கு விவரம் ஏற்றுகிறவன். நூலளவு கனம் கூடினாலும் உருப்படியை ஒதுக்கிவிடுவான். பழைய ராஜாக்களின் காலத்தையும் அப்படித்தான் பார்த்தான். "புக்ல கீதுன்னு ஒத்துக்கினா எப்டி மச்சான்? எவன் அளந்து பாத்தான்?" என்பான். எண்ணெய்க் கறை படிந்த அவனுடைய நோட்டுகள் எப்போதும் என் மேஜையில் கிடக்கும். அந்த வாடை எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

குரோம்பேட்டையில் ஒரு டுடோரியல் மாடியில் ஞாயிறுதோறும் அவனைப் போல ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். ஒருவர் புத்தரின் காலத்தை முன்னே தள்ளுவார், இன்னொருவர் அசோகரின் காலத்தைப் பின்னே இழுப்பார். வீட்டில் இவர்கள் பேச்சைக் கேட்க ஆளில்லை. என் வீட்டில் ஆளே இல்லை, அதனால் நானும் போனேன். அங்கே ஒரு வழக்கம். புதிதாக ஓர் ஆண்டைச் சொல்கிறவர் அதைக் கரும்பலகை ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தப்பென்று தெரிந்தால் எழுதியவரேதான் அழிக்க வேண்டும்.

ஒரு ராஜாவின் ஏழாம் ஆட்சியாண்டில் சூரிய கிரகணம் வந்ததாக ஒரு கல்வெட்டு சொல்கிறது என்பான் சம்பத். அந்தக் கிரகணத்தைப் பிடித்துவிட்டால் அந்த வம்சத்தின் காலத்தையே மாற்றிக் காட்டலாம். மூன்று வருடம் அதே நினைப்பாக இருந்தான். கம்ப்யூட்டரில் கிரகணம் தேடும் வேலை என்னுடையது. மைனஸ் குறியோடு வந்த ஆண்டை அப்படியே கி.மு. என்று எழுதிக் கொடுத்தேன். அவன் கணக்கோடு அது அச்சாகப் பொருந்தியது. அந்த ஞாயிறே பலகையில் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

மறுவாரம் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் எழுந்தார். "தம்பி, வானியல்காரங்க கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவுல பூஜ்ஜியம்னு ஒரு வருஷம் வெச்சு எண்ணுவாங்க. நம்ம கணக்குல அது கிடையாது. ஒரு வருஷம் தள்ளிப் போச்சே. கிரகணம் ஆறாம் வருஷத்துல இல்ல விழுது?"

அவரே பலகையைத் திரும்பிப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல யார் பாத்தது?" என்றார்.

சம்பத் என் பக்கம் திரும்பவேயில்லை. "நான்தான் சார்."

எழுந்து போய் உள்ளங்கையாலேயே அழித்தான். கடைசி பெஞ்சில் நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது.

பஸ் ஸ்டாப்பில், "வுடு மச்சான்" என்றான், அவ்வளவுதான். பிறகு அவன் அந்த மாடி ஏறவில்லை. நோட்டுகளும் என் மேஜைக்கு வரவில்லை. சில மாதத்தில் ஒரகடம் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டான்.

டுடோரியலை இடித்துத் துணிக்கடை கட்டிவிட்டார்கள். போஸ்ட்மாஸ்டர் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. மற்றவர்கள் எங்கே இருக்கிறார்களோ தெரியாது. நேற்று சம்பத்தின் பழைய எண்ணுக்குப் போன் போட்டேன். "ராங் நம்பர் சார்" என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல். பார்த்தது நான்தான் என்று சொல்லும் தைரியம் இப்போதுதான் எனக்கு வந்திருக்கிறது. கேட்பதற்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஒருவரும் இல்லை.