கலிப்பொலியும் நான் காணாத கடலும்

வெளிநாடு வந்து, புவாண்ட்-கிளேர் என்ற ஊரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த காலம். மனைவியைக் கூப்பிடும் ஸ்பொன்சர் விண்ணப்பம் குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. ஒரு சொல் பிசகினாலும் அவள் மன்னாரிலேயே நின்றுவிடுவாள் என்று பயந்தேன். என்னோடு வேலை செய்த துருக்கிக்காரரோ சாப்பாட்டு மேசையில் யுத்தக் கதைதான் எடுப்பார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறைப் பிரெஞ்சு.

கலிப்பொலி என்ற கரை. முதலாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரரும் கூட்டாளிகளும் வந்து இறங்கிய இடம். அவருடைய தாத்தா அங்கேதான் செத்தாராம். பாண் துண்டை மலையாக வைத்து, முன்னால் விரலால் கரையைக் கீறுவார்.

"முதலில் கப்பல்களை மட்டும் அனுப்பினார்கள். கடற்கண்ணிகளில் அகப்பட்டன. பிறகுதான் ஆட்களை இறக்கினார்கள். அதற்குள் நாங்கள் விழித்துவிட்டோம். அவர்கள் கரையில் சுணங்கினார்கள், நாங்கள் மேட்டைப் பிடித்தோம்."

பிறகு மாதக்கணக்கில் இரண்டு பக்கமும் குழிக்குள். ஈ, வயிற்றோட்டம், குளிர். அவர்களால் ஏற முடியவில்லை, இவர்களால் கடலுக்குள் தள்ளவும் முடியவில்லை. கடைசியில் வந்தவர்கள் சத்தமில்லாமல் கப்பலேறிப் போய்விட்டார்கள்.

கதை முடிய என்னைப் பார்ப்பார். "உங்கள் நாட்டிலும் கடலால் வந்து இறங்கினார்களா? நீ பார்த்தாயா?"

"நான் கடலே கண்டதில்லை," என்றேன். கையில் மீன்குழம்புச் சோறு.

"கடல் காணாதவன் முள்ளை இப்படியா எடுப்பான்? பூனை தோற்றுப்போகும்!"

என்னோடு அறையில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணையிடம் இதைச் சொன்னேன்.

"டேய், உவன் இமிக்ரேஷன்காரற்றை ஆளாயிருப்பான். மனிசி வந்து சேருமட்டும் வாயைப் பொத்திக்கொண்டிரு."

"அவனும் பெட்டிதானே அண்ணை தூக்கிறான்."

"அதுதான் சொல்லுறன். தூக்காட்டி நீ அவனோடை கதைப்பியோ?"

அதன்பின் வாசலோர வாங்குப் பலகையில் தனியே இருந்து சாப்பிட்டேன்.

பனி கரைந்தபோது மனைவி வந்து சேர்ந்தாள். அடுத்த கிழமை நானாகப் போய்த் துருக்கிக்காரருக்கு முன்னால் இருந்தேன்.

"நான் மன்னார். கடற்கரை ஆள்."

"முதல் நாளே தெரியும்," என்றார்.

"பிறகு ஏன் கேட்டீர்கள்?"

"தாத்தாவைப் பற்றி வீட்டில் வீரம் மட்டும்தான் சொன்னார்கள். வந்து இறங்குகிறவர்களைக் கரையில் நின்று பார்க்க எப்படி இருக்கும் என்று ஒருவரும் சொன்னதில்லை."

அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். சொன்னேன். படகுகள் வந்ததை, நாங்கள் வலையைப் போட்டுவிட்டுப் பனைகளுக்குள் ஓடியதை, வந்தவர்கள் துவக்கைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் தடுமாறியதை. அவர் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "யாருடைய படகுகள்?" என்றார்.

எங்களுக்குக் குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லை.

"இருட்டு. தெரியவில்லை," என்றேன்.

படகுகள் வந்தபோது நல்ல மத்தியான வெயில்.