சம்பந்தி வரும் நாளில் உப்புப் பார்க்க ஆளில்லை

அன்று பின்னேரம் நான் உறுதியாக நம்பியது இதுதான்: புத்தளத்து உப்பளத்தில் பாதியை ஒரு கூடை மீனுக்குள் நானே கொட்டிவிட்டேன். அதைத் தின்ன வருகிறவர்கள் பாதியில் எழும்பிப் போவார்கள். என் மகள் இனி ஆயுள் முழுக்க உப்பைச் சொல்லிக் குத்திக் காட்டப்படுவாள். கற்பிட்டியில் படகு என்ஜினுக்குச் சாமான் விற்கிற, ஐம்பதைத் தாண்டிய, நாலு பேர் கூடின இடத்தில் பகிடி விட்டே பேர் வாங்கின ஒருவன் இதை நம்பினான். நோன்பு வயிறு எதைச் சொன்னாலும் நம்பும்.

உப்பின் வரலாறு மகளின் கலியாணத்தில் தொடங்குகிறது. அவளைக் கொடுத்தது புத்தளம் டவுனில், தலைமுறையாக உப்பளம் வைத்திருக்கிற வீட்டுக்கு. கலியாணச் சாப்பாட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்ணும் சவன். சமையற்காரர் எந்த யோசனையில் இருந்தாரோ, ஒரு சட்டிக் கோழிக்கறிக்கு உப்புப் போட மறந்துவிட்டார். ஊரில் அத்தனை பேர் இருக்க, அந்தச் சட்டி தேடிப் போய் இறங்கியது சம்பந்தியின் சவனில். அவர் ஒரு பிடி வாயில் வைத்தார். மெல்ல நிமிர்ந்தார்.

"சம்பந்தி, உப்பளத்து ஊட்டுக்குத்தானே பொண்ணு குடுக்கிறம், உப்ப அவங்களே கொண்டு வரட்டும் எண்டு உட்டுட்டீங்களா?"

மண்டபமே சிரித்தது. எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். பகிடிக்காரனுக்கு அது ஒரு சாபம். தன் மேல் விழுந்த பகிடிக்கும் அவனே முதலில் சிரித்துக் காட்ட வேண்டும்.

அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை. புகுந்த வீட்டில் மகள் எதைச் சமைத்தாலும் மாமி சட்டிக்குள் எட்டிப் பார்த்து, "உப்புப் போட்டீங்களா மகள், இல்ல உங்க ஊட்டு மாதிரியா?" என்று கேட்பாராம். மகள் இதை முதலில் ஃபோனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். பிறகு சொல்லும்போது சிரிப்புக் குறைந்தது. கடைசியாகச் சொன்னபோது சிரிக்கவே இல்லை. "வாப்பா, நான் இப்ப உப்பு ரெண்டு தரம் பாக்கிறன். அப்பவும் பத்தாம மூண்டாந் தரமும் பாக்கிறன்" என்றாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

கலியாணத்துக்குப் பிறகு வந்த முதல் நோன்பு. மாப்பிள்ளை வீட்டாரை ஒரு நாள் நோன்பு திறக்கக் கூப்பிட வேண்டும். வெள்ளிக்கிழமை வருகிறோம் என்றார்கள். நான் மனைவியிடம் அறிவித்தேன்:

"கஞ்சியும் மத்ததும் நீங்க செய்யுங்க. மீன் என்ட பொறுப்பு. அந்த எயார் ஃப்ரையர்ல."

"நீங்களா? சுடுதண்ணி வெச்சாலே அடிப்புடிக்க வெக்கிற ஆளு நீங்க."

"என்ஜின் கழட்டிப் பூட்டுறவனுக்கு இது ஒரு மெஷினா?"

கலியாணத்துக்கு அன்பளிப்பாக இரண்டு எயார் ஃப்ரையர் வந்ததில் ஒன்று எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. கடற்கரைக் காற்றுக்காக வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்து வந்து பட்டம் கட்டிப் பறக்கிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் காற்று ஊத ஒரு மெஷின் என்று நானே அதைக் கேலி செய்திருக்கிறேன். ஆனால் ஃபோனில் ஒரு வீடியோ பார்த்தேன். சிறு மீன் துண்டு, மொறுமொறுவென்று ஒரு மேல்தோல், அதன் மேல் இனிப்பும் உறைப்புமாய் மினுங்குகிற பாகு. சம்பந்தி இதுவரை தின்றிராதது. உப்பை மறக்கடிக்க அதுதான் சரி என்று முடிவு கட்டினேன்.

வெள்ளி காலையில் துறையில் நல்ல பாரை மீன் எடுத்தேன். ஒரு வீட்டுத் தேவையை விடப் பெரியது. எங்கள் பக்கத்தில் மீன் மிஞ்சினால் யாரும் யோசிப்பதில்லை. கை தானாக உப்புச் சாடிக்குப் போகும். மனைவி பாதியைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒரு ஐஸ்கிரீம் பெட்டியில் எனக்கு வைத்தாள். மீதியை உப்புப் போட்டு இன்னொரு ஐஸ்கிரீம் பெட்டியில் வைத்தாள், காயப்போட. இரண்டும் ஃப்ரிட்ஜுக்குள் போயின. ஒரே நிறம், ஒரே மூடி. இலங்கையில் எந்த ஃப்ரிட்ஜிலும் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஐஸ்கிரீம் இருந்து நான் கண்டதில்லை.

ஜும்மா முடிந்து வந்ததும் மனைவியைக் குசினியிலிருந்து கிளப்பினேன். அவள் பெரிய கஞ்சிச் சட்டி எடுத்துவரக் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போனாள். நான் ஃப்ரிட்ஜைத் திறந்து, கண்ணில் பட்ட பெட்டியை எடுத்தேன். தேசிக்காய், மிளகுத் தூள், கொச்சிக்காய்த் தூள், அரைத்த உள்ளி, ஒரு தேக்கரண்டி உப்பு. ஊறவிட்டு, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டினேன். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கூடையில் அடுக்கி, மேலால் எண்ணெய் தடவினேன். மெஷின் உறுமியது. நடுவில் இழுத்துப் பார்த்துப் புரட்டிவிட்டேன். பொன்னிறமாக, தட்டினால் சத்தம் வருகிற மாதிரி வந்தது. ஒரு தாச்சியில் இனிப்புக்குக் கித்துள் பாணி, சோயா சோஸ், கொஞ்சம் வினாகிரி, இடித்த செத்தல் மிளகாய் எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்து, துண்டுகள் மேல் ஊற்றிக் குலுக்கினேன். மினுங்கியது! வீடியோவைவிட மினுங்கியது. எனக்கு நானே சலாம் சொல்லாத குறை.

அந்தச் சந்தோஷத்தில் சர்பத்துக்குப் பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.

அங்கே ஓர் ஐஸ்கிரீம் பெட்டி. மூடியைத் தூக்கினேன். சதுரம் சதுரமான மீன். உப்புத் தண்ணீர் விடவில்லை. வெட்டின மாதிரியே பளபளவென்று.

அப்படியென்றால் நான் பொரித்தது?

உப்புப் போட்ட மீனுக்கு மேல் ஒரு கரண்டி உப்பு. அதற்கு மேல் சோயா சோஸ், அதுவும் உப்பு. சம்பந்தி வாயில் வைக்கிறார், நிமிர்கிறார், "போன முறை இல்லாததையும் சேத்துப் போட்டுட்டீங்களா?" என்கிறார். மாமி மகளைப் பார்க்கிறார். மகள் தட்டைப் பார்க்கிறாள்.

மனைவிக்கு ஃபோன் எடுத்தேன். ஃப்ரிட்ஜுக்கு மேலே சார்ஜில் கிடந்த அவளது ஃபோன் என் காதடியிலேயே அடித்தது.

ருசி பார்க்கலாம் என்றால் நோன்பு. சமைக்கிறவர்கள் நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று சொல்வார்கள். அந்தச் சலுகை நாக்கை அடக்கத் தெரிந்தவர்களுக்கு. என் நாக்கு வெளியே போனால் வெறுங்கையோடு திரும்பி வராது.

வாசலுக்குப் போனேன், குசினிக்கு வந்தேன், திரும்பவும் வாசலுக்குப் போனேன். அப்போதுதான் எங்கள் பூனை உள்ளே வந்தது. அதற்கு நோன்பில்லை. பாகு சரியாகப் படாத ஒரு துண்டைப் போட்டேன். முகர்ந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தது. வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மீன் வாசத்துக்குச் சுவரேறிக் குதிக்கிற மிருகம் மீனை வேண்டாம் என்கிறது!

ஒரு பிளேட்டில் இரண்டு துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வளவுக்கு ஓடினேன். அங்கே கடற்றொழில் செய்கிற அண்ணன், வேதக்காரர், என்னை மரியாதையாக 'நானா' என்று கூப்பிடுகிறவர், வேப்பமரத்தடியில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். உடப்பு ஊரிலிருந்து ஐஸ் லொறி கொண்டு வருகிறவரும் அவரோடு கதைத்துக்கொண்டு பிளேன்டீ குடித்தபடி இருந்தார்.

"அண்ணே, இதில ஒண்டத் திண்டு உப்பு சரியா எண்டு மட்டும் சொல்லுங்க."

அண்ணன் மணந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு சுருங்கியது.

"நானா, இண்டைக்கு வெள்ளிக்கிழம."

"தெரியும், ஜும்மாவுக்குப் போயிட்டுத்தானே வாறன்."

"தவக்காலம் நானா. வெள்ளியில நாங்க மச்சம் தொடுறதில்ல. பின்னேரம் சிலுவப்பாதைக்கும் போகோணும்."

"மீனும் மச்சமா?"

"பின்ன என்ன, கத்தரிக்காயா?"

பிளேட்டை ஐஸ்காரர் பக்கம் திருப்பினேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்னப் பாக்காதீங்க நானா. வெள்ளிக்கிழமையில நான் சைவம். அம்மனுக்கு நேந்தது."

அண்ணன் வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "நானா, நாங்க மூண்டு பேரும் பொறந்ததே மீனில. இண்டைக்கு ஒரு துண்டு தின்ன ஒரு வாய் இல்ல. இன்னும் பௌத்த ஆக்கள்ட போயா மட்டுந்தான் பாக்கி!"

"சிரிக்காதீங்க அண்ணே, என்ட புள்ளட வாழ்க்க இது."

"உப்புக் கூடிட்டு எண்டா சீனி போட்டுப் பாருங்க. என்ட மனிசி அப்பிடித்தான் சமாளிக்கிறது."

அதைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு ஓடி, தாச்சியில் சீனி கொட்டினேன். பாணிப் போத்தலைக் கவிழ்த்தேன். எவ்வளவு உப்புக்கு எவ்வளவு சீனி? யாருக்குத் தெரியும்? சந்தேகம் வந்தபோதெல்லாம் இன்னும் ஒரு கை போட்டேன். சந்தேகம் அடிக்கடி வந்தது. அந்தப் பாகை மீன் மேல் ஊற்றி, ஈரம் போகட்டும் என்று திரும்பவும் மெஷினுக்குள் தள்ளினேன். வெளியே வந்தபோது துண்டுகள் கண்ணாடி பூசின மாதிரி இருந்தன. ஒன்றைப் பிரிக்கப் போனால் நாலு சேர்ந்து வந்தன. கரண்டிக் காம்பால் நெம்பிப் பிரித்தேன்.

வாசலில் வேன் சத்தம். கஞ்சிச் சட்டியோடு மனைவியும் அதே நேரம்தான் வந்து சேர்ந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. சம்பந்தி என் கையைப் பிடித்து முசாபஹா செய்துகொண்டிருந்தார். மகள் எனக்குச் சலாம் சொல்லிவிட்டு, மாமிக்குப் பின்னால் நின்று, உதட்டை மட்டும் அசைத்து "உப்பு?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது.

பாங்கு கேட்டது. பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி. சம்பந்தி கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு என் மீன் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு துண்டை எடுத்தார். இரண்டு வந்தன. கடித்தார். சத்தம் எனக்குக் கேட்டது. மென்றார். நிறுத்தினார். திரும்ப மென்றார். உப்பில் பிறந்து வளர்ந்த நாக்கு. அதனிடம் பொய் சொல்ல முடியாது. மகள் கஞ்சிக்குள் கரண்டியை விட்டபடி எடுக்காமலே இருந்தாள்.

"சம்பந்தி."

"சொல்லுங்க."

"உப்பு சரி."

மகளின் கரண்டி அசைந்தது.

"உப்பு நல்ல அளவு. மாஷா அல்லாஹ். ஆனா ஒண்டு கேக்கிறன், கோவிக்கப்படாது. இது மீனா, பாணி ஊத்திக் கிண்டுற தொதலா?"

மாமி ஒரு துண்டை வாயில் வைத்துக்கொண்டு பேச முடியாமல் கையை ஆட்டினார், பல்லில் ஒட்டிக்கொண்டது. மருமகன் சிரித்துவிட்டான். பிறகு மகள் சிரித்தாள். வாயைப் பொத்தாமல், கலியாணத்துக்கு முன் இந்த வீட்டில் சிரித்த மாதிரி. இந்த முறை நான் முதலில் சிரிக்கவில்லை, கடைசியாகத்தான் சிரித்தேன்.

"இனிச் சீனிக் கத கதைப்பாங்க வாப்பா" என்றாள் என் காதில்.

"கதைக்கட்டும். அது என்ட தலையில. உன்ட தலையில இல்ல."

அவர்கள் போன பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து அந்தப் பெட்டியை மனைவியிடம் காட்டினேன்.

"அதுவா? நீங்க கருக்கிப்போட்டா பொரிக்கிறதுக்கு எண்டு நான் வேறயா வாங்கி வெட்டி வெச்சது."

"அப்ப உப்புப் போட்டது?"

"லுஹர் தொழுகைக்கு முன்னமே மொட்ட மாடில காயப்போட்டுட்டேனே."

டோர்ச்சை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். நான் பொரித்தது உப்புப் படாத நல்ல மீன். உப்பு ஒரு கரண்டிதான், அது சரியான அளவு. மாடியில் தட்டை மூடியிருந்த வலை ஒரு பக்கம் விலகிக் கிடந்தது. காயப்போட்ட மீனில் பாதியை, நான் அதற்கு ருசி பார்க்கக் கொடுப்பதற்கு முன்பே, பூனை தின்று முடித்திருந்தது.