ஞானராஜும் ஒரு பிரவுன் பிரெட் பாக்கெட்டும்

ஞானராஜ் போய்விட்டார் என்ற செய்தி எங்கள் தொழிற்சாலை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழு மணிக்கு வந்தது. மாரடைப்பு. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

ஆகுர்டி தொழிற்சாலையில் அவருடன் வேலை பார்த்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களைச் சோதித்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்புவது அவர் வேலை. அந்தப் பழக்கம் மளிகைக் கடையிலும் அவரை விடவில்லை. பிரெட் வாங்கப் போனால் பாக்கெட்டைக் கவிழ்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படிப்பார். "பட்டியல்ல முதல்ல நிக்கிறவன்தான் முதலாளி வே. மத்தவனெல்லாம் பேருக்கு வந்தவன்" என்பார். எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் பார்த்ததில்லை.

என் மனைவி சரோஜாவுக்குச் சர்க்கரை வந்தபின், வெள்ளை பிரெட்டை நிறுத்திவிட்டு, போபோடியில் ஒரு மளிகைக் கடையில் பிரவுன் பிரெட்டாக வாங்கிவந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடு நிறைய உறவினர் இருந்தபோது ஞானராஜ் வந்தார். மேசையிலிருந்த பாக்கெட்டைத் திருப்பினார்.

"முதல்ல மைதா. கோதுமை நாலாவது எடத்துல நிக்கி. நிறத்துக்குக் கேரமல் வேற. இதையா வே தங்கச்சிக்கு மூணு வருசமா குடுக்கீரு?"

என் மச்சினன் சிரித்துவிட்டான். எனக்குச் சுருக்கென்றது.

"எம் பொண்டாட்டிக்கு என்ன குடுக்கணும்னு எனக்குத் தெரியும். நீரு போயி ஒம்ம போல்ட்டு நட்டைப் பாரும்" என்றேன்.

அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அதன்பின் வரவில்லை.

மறுநாளே பாக்கெட்டை நானும் படித்தேன். அவர் சொன்னது சரி. முழுக்கோதுமை பிரெட்டுக்கு மாறினோம். "அண்ணனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்களேன்" என்று சரோஜா எத்தனையோ முறை கேட்டாள். போன் மட்டும் போடவில்லை.

ஆறு மாதம் கழித்து அதே கடையில் அவரைக் கண்டேன். யாரோ ஒரு மராத்திப் பெண்மணியிடம் பிரெட்டைத் திருப்பிக் காட்டி, முதல் பெயரைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கி, அவர் போகும்வரை நின்றேன். பத்தடி தூரம்தான் இருந்தது.

அடக்கத்தன்று அவர் மனைவி அருள்மணி என்னைப் பார்த்ததும் அழுதார்.

"உங்களப் பத்தி அடிக்கடி பேசுவாக அண்ணாச்சி. 'ஆளுக முன்னால வச்சுச் சொல்லிருக்கக் கூடாது, தப்பு எம்மேலதான்'னு சொல்லுவாக. நேர்ல வந்து சொல்லணும்னு இருந்தாக. நீங்க கோவமா இருப்பீகன்னு தயங்கிட்டாக."

"தப்பு எம்மேலதான்." அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தச் சொல்லைத்தான். சரியாகச் சொன்ன மனிதர் அதையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சொல்லியிருக்க வேண்டியவன் நான்.