இருமல் வண்டி

ஒரு தோல் வார், ஓர் ஆளின் இடத்தோளிலிருந்து வல இடுப்புக்குக் குறுக்காகத் தொங்குகிறது. மழையில் நனைந்து கறுத்திருக்கிறது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுத்த டிஸ்பென்சரை நினைக்கும்போதெல்லாம் அவர் முகத்துக்கு முன்னால் எனக்கு இந்த வார்தான் வருகிறது. அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோனது இப்படியொரு வார்தான். ஈரத்தில் வழுக்கும், ஏற்றத்தில் அறும். ஆகவே மாற்று வார் ஒன்றை அவர் எப்போதும் உடம்பிலேயே போட்டுக்கொண்டு போவார். பதுளையில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை அவர். கூலியாட்களை மேய்க்கும் எங்கள் பெரிய கங்காணி சும்மா விடுவாரா? "என்னங்க டாக்டரையா, வேதக்காரவுகளும் பூணூல் போட ஆரம்பிச்சாச்சா?" என்றார் ஒருநாள், ஆபீஸ் வாசலில் எல்லாரும் கேட்கும்படி. டிஸ்பென்சர் வாரைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஐயருக்கு அறுந்தா மந்திரம் நிக்கும், கங்காணி. எனக்கு அறுந்தா வண்டியே நின்னுரும்."

நாளும் கிழமையும் சொல்லாமல் எதையும் எழுத எனக்கு வராது. 1922-இல் நான் அந்தத் தோட்டத்தில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்தபோது பதுளைக்கு ரயில் வர இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. ஹாலிஎலவிலிருந்து மேலே ஏறும் வண்டிப்பாதையில்தான் எங்கள் தோட்டம். கீழ் டிவிசனில் ஆபீசும் தொழிற்சாலையும் மருந்துச் சாலையும். அங்கிருந்து மேல் டிவிசனுக்கு ஏழு கொண்டை வளைவுகள். நடந்து போகிறவர்கள் அந்த வளைவுகளைத் தவிர்த்துத் தேயிலைக்குள் செங்குத்தாக ஏறும் குறுக்குப் பாதையில் போவார்கள். மேலே போய்ச் சேர்ந்தால் எதிரே நமுனுகுல மலை தலையில் மேகத்தோடு நிற்கும். டிஸ்பென்சரின் பொறுப்பில் இப்படி ஐந்து தோட்டங்கள். முன்பிருந்தவர் அவற்றைக் கால்நடையாகச் சுற்றிவர ஒரு வாரம் எடுத்தார். திங்களன்று காய்ச்சல் கண்டவன் அவர் வருவதற்குள் எழுந்து வேலைக்குப் போயிருப்பான், அல்லது அவனைப் புதைத்திருப்பார்கள். இதைப் பொறுக்காமல்தான் இவர், சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

அந்தப் பாதைகளில் அதை ஓட்டியதைச் சவாரி என்பதா, மல்யுத்தம் என்பதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. மருந்துச் சாலைச் சரிவில் தள்ளிக்கொண்டே ஓடி, எஞ்சின் பிடித்ததும் தாவி ஏறவேண்டும். அட்டை மொய்க்கும் புல், உருட்டுக் கற்கள், மாட்டு வண்டிச் சக்கரம் அரைத்த இரண்டு பள்ளங்கள், நடுவே ஒரு சாண் அகலத்தில் முதுகெலும்பு போல ஒரு மேடு. அந்த மேட்டின்மேல்தான் அவர் போவார். வார் வழுக்கினால் இறங்கி, சட்டைப் பையிலிருந்து குங்கிலியப் பொடியை எடுத்துத் தேய்த்துவிட்டு மறுபடி ஏறுவார். பூனாகலைப் பக்கத்துக் குதிரைப் பாதையில், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் வெறும் காற்றுமாக இருக்கும் இடத்தில், ஒருமுறை முன்சக்கரம் விளிம்பைத் தாண்டிவிட்டது. வண்டியைக் கொடியால் தேயிலை வேரில் கட்டிவைத்துவிட்டு மீதிப் பாதையை நடந்துபோய் மருந்து கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் அதே கொடியால் வண்டியை மேலே இழுத்தார். அவரிடம் இதைக் கேட்டால், "அன்னிக்கு மருந்து கொஞ்சம் லேட்டு" என்பதோடு முடித்துவிடுவார்.

ஆனால் அவர் எதிர்பாராத ஒரு தொல்லை அந்த வண்டியோடு வந்தது. எங்கள் மலைகளில் அதுவரை மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் துரைமார் மட்டுமே. விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வராமல் யார் லயத்து வரிசை வீடுகளில் படுத்திருக்கிறார்கள் என்று பார்க்கத் துரை வருவார். காய்ச்சலோ கடுப்போ, கண்டவர்களை எழுப்பிக் கொழுந்தெடுக்க மலைக்கு விரட்டுவார். ஆகவே எஞ்சின் சத்தம் கேட்டால் படுத்திருப்பவர்கள் எழுந்து பின்பக்கமாகத் தேயிலைக்குள் போய்விடுவது வழக்கம். இப்போது அதே சத்தத்தோடு மருந்து வந்தது. டிஸ்பென்சர் மேல் டிவிசனுக்குப் போய் இறங்கினால் அடுப்பு புகைந்துகொண்டிருக்கும், பாயில் சூடு இருக்கும், நோயாளி இருக்கமாட்டார். வேகமாக வந்து சேர்வதற்காகவே அவர் வாங்கிய வண்டி, அவர் பார்க்கவேண்டியவர்களை அவருக்கு முன்னால் துரத்திக்கொண்டிருந்தது.

இரண்டு வாரத்தில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கைப்பிடியருகே ஒரு சிறு விசை இருந்தது. அதை அழுத்தினால் எஞ்சின் மூச்சைவிட்டு அடங்கும். விட்டால், உருளும் வேகத்திலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். லயத்துக்கு முந்திய வளைவில் பாதை கொஞ்சம் இறங்குகிறது. அந்த இடத்தில் விசையை மூன்று முறை அழுத்தி அழுத்தி விடுவார். மூன்று இருமல் போலக் கேட்கும். 'மூணு தடவ இருமினா நான், இருமலன்னா துரை' என்று லயம் லயமாகச் சொல்லி வைத்தார். கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு அது பெரிய வேடிக்கை. "டாக்டரையா வண்டிக்கே இருமலாம்டி, அதுக்கு ஒரு மருந்து குடுக்க மாட்டாராக்கும்!" என்று மலைக்கு மலை கூவினார்கள். இருமல் வண்டி என்ற பெயர் நிலைத்தது. நோயாளிகள் பாயை விட்டு எழாமல் காத்திருந்தார்கள். ஆவணியும் புரட்டாசியும் அப்படியே நல்லபடியாகப் போயின.

அதைக் கெடுத்தவன் நான். பெரிய துரைக்கு அடுத்தவரான எங்கள் சின்னத்துரை இளவயதுக்காரர்; புதிதாக ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். என்னோடு அவர் பேசுவதே அபூர்வம். ஒருநாள் ஆபீசில் மேசையருகே நின்று, அரைகுறைத் தோட்டத் தமிழில், "கிளாக்கர், அந்த டிஸ்பென்சர் வண்டி ஏன் அப்படி இருமுது? மெசின் கோளாறா?" என்று கேட்டார். ஒரு துரை என்னிடம் விவரம் கேட்டுவிட்டார் என்ற பெருமையில் நான் எழுந்து நின்று, எந்த வளைவு, எத்தனை முறை, எதற்காக என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். தெரிந்ததை முழுமையாகச் சொல்வதுதான் நல்ல கிளாக்கருக்கு அழகு என்று அன்று நம்பியிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, மேல் டிவிசன் வளைவில் மூன்று இருமல் கேட்டது. யாரும் ஓடவில்லை. ஒரு பெண் தன் மாமியாரைக் கைத்தாங்கலாக வாசலில் உட்காரவைத்து, டாக்டரையாவிடம் நாக்கை நீட்டிக் காட்டத் தயாராக வைத்திருந்தாளாம். வந்து இறங்கியவர் சின்னத்துரை. படுத்திருந்த பதினொரு பேரையும் மழையில் மலைக்கு விரட்டினார். மதியம் நான் பெயர் எழுதும்போது அந்தப் பதினொரு பெயரும் வேலைக்கு வந்தவர்கள் பக்கத்தில் இருந்தன.

அதன்பின் அந்த மலையில் எஞ்சின் இருமினாலும் ஓடினார்கள், இருமாவிட்டாலும் ஓடினார்கள். அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. மேல் டிவிசனில் சீதபேதி கண்டது. டிஸ்பென்சர் இரண்டு நாள் தொடர்ந்து போய், வெறும் லயங்களைப் பார்த்துத் திரும்பினார். மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, ஒரு முதியவரைத் தேயிலைக் கானில் செத்துக் கிடக்கக் கண்டார்கள். நீர் வடிவதற்காக நிரைகளுக்கிடையே வெட்டிய அந்தக் கான்களில்தான் அவர்கள் ஒளிந்திருந்தார்கள். அதே நாள் காலை கங்காணி இன்னொன்றும் சொன்னார்: பேதி கண்ட கைக்குழந்தைக்காரி ஒருத்தியை நேற்றிலிருந்து காணோம், குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரி வைத்திருக்கிறாள், அவள் எங்கே என்று கேட்டால் புருசன் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான். "இன்னிக்குள்ள தண்ணி உள்ள போகலன்னா அவ பிழைக்கமாட்டா" என்றார் டிஸ்பென்சர். அப்போதுதான் நான் சொன்னேன், சின்னத்துரைக்கு இருமலைப் பற்றிச் சொன்னது நான்தான் என்று. டிஸ்பென்சர் மருந்துப் பெட்டியை மூடினார். திட்டுவார் என்று நின்றேன். "அப்ப நீங்களும் வாங்க. மருந்துப் பெட்டிய நீங்க தூக்குங்க. வண்டியில எடமில்ல" என்றார்.

வண்டியில் இடமில்லாமல் போனதற்குக் காரணம் மருத்துவச்சி. கீழ் டிவிசன் லயத்தில் இருந்த அவளுக்கு அறுபது வயதிருக்கும். மேல் டிவிசனில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் கையில் விழுந்தவர்கள். டிஸ்பென்சர் பின்சக்கரத்தின் மேலிருந்த இரும்புத் தட்டில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, ஏறச் சொன்னார். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இந்தக் கழுத மேலயா? எம் புருசன்கூட என்னய ஒரு மாட்டு வண்டியில ஏத்துனதில்ல சாமி."

"ஏறுங்க ஆயா. எனக்கு ஒங்க சத்தம் வேணும்."

"எதப் புடிச்சுக்கிறது?"

"என் தோளப் புடிச்சுக்கங்க."

"ஐயையோ, ஊரு என்ன சொல்லும்!"

"ஊரு பூரா கானுக்குள்ள ஒளிஞ்சு கெடக்கு. பாக்கிறதுக்கு ஆளு ஏது?"

அவள் தோளைப் பிடிக்கவில்லை. அவர் முதுகில் கிடந்த வாரை இரண்டு கையாலும் மாட்டுக் கயிற்றைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டாள். நானும் இன்னும் இருவரும் தள்ளிவிட்டோம். வண்டி சேற்றில் இரண்டு முறை ஆடி, நிமிர்ந்து, முதல் வளைவில் மறைந்தது. நான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறினேன். அந்த ஏற்றம் முழுவதும் அவர்களை நான் காதால்தான் பார்த்தேன். என் இடப்புறம் எஞ்சின் உறுமும், தேயும், பிறகு வலப்புறம் இன்னும் மேலே உறுமும். நான்காம் வளைவில் வழுக்கி நின்றார்கள். வாருக்குக் குங்கிலியம் தேய்க்கும் நேரம் வரை சத்தமில்லை. பிறகு ஐந்து. ஆறு. அதற்குப் பிறகு, நான் மூச்சிரைக்க ஒரு கல்லில் பெட்டியைச் சாய்த்துக்கொண்டு நின்றபோது, எஞ்சினுக்கு மேலாக மருத்துவச்சியின் குரல் வந்தது.

"ஏய் பொட்டச்சிகளா, நாந்தாண்டி! தொர இல்ல, டாக்டரையாதாண்டி! ஒங்க பேறுகாலத்துல வெக்கமில்லாம என் கையப் புடிச்சு அழுதீங்க, இப்ப என்னடி ஒளிஞ்சுக்கிறீங்க? வெளிய வாங்கடி!"

மலை சும்மா இருந்தது. மழை மட்டும் பெய்தது. எஞ்சினை அணைத்துவிட்டார் போலிருக்கிறது. அவள் ஒவ்வொருத்தி பெயராகக் கூப்பிட ஆரம்பித்தாள். பெயருக்குப் பெயர் ஒரு வசவும் சேர்ந்து வந்தது. முதலில் ஒரு செடி அசைந்தது. மழைக்குத் தலையில் போட்ட படங்குச் சாக்கோடு ஒருத்தி எழுந்து நின்றாள். பிறகு எனக்குப் பத்தடி தூரத்தில், நான் கவனிக்காமலே கடந்திருக்கக்கூடிய ஒரு கானிலிருந்து ஒரு கை மட்டும் மேலே வந்தது. "ஆயா" என்றது உள்ளிருந்து ஒரு குரல். கூப்பிட்டது போலவே இல்லை, அவ்வளவு மெலிவு. அது கைக்குழந்தைக்காரிதான். அவளைத் தூக்கிக் குறுக்குப் பாதையில் லயத்துக்குக் கொண்டுபோனோம். டிஸ்பென்சர் மருந்துத் தூளைக் கொடுத்துவிட்டு, உப்புப் போட்ட கஞ்சித் தெளியைக் கரண்டி கரண்டியாக, மாலை வரை தானே ஊட்டினார். அன்று மாலைக்குள் பதினான்கு பேர் மருந்து வாங்கிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். டிஸ்பென்சர் அந்த ஞாயிறு கோயிலுக்குப் போகவில்லை. எனக்குத் தெரிந்து அவர் போகாத ஒரே ஞாயிறு அது.

கூலிப் பெண்ணைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவது தோட்டத்தின் மரியாதைக்குக் குறைவு என்று சின்னத்துரை சொல்ல, இனி அப்படிச் செய்யக்கூடாது என்று பெரிய துரையிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. அதைப் படியெடுத்து டிஸ்பென்சர் கையில் கொடுத்ததும் நான்தான். படித்தார், மடித்துப் பையில் குங்கிலியத்தோடு வைத்துக்கொண்டார். மறுநாள் காலை மருத்துவச்சி வழக்கம்போல ஏறி உட்கார்ந்தாள். இரண்டாவது உத்தரவும் வந்தது. அதுவும் பைக்குள் போனது. அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றும்வரை, ஒன்றரை வருடம், அப்படித்தான் நடந்தது. இப்போது அந்த ஏழு வளைவிலும் தார் போட்டிருக்கிறார்கள். பஸ் வருகிறது. எஞ்சின் சத்தம் கேட்டால் பெண்கள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பாதையை நோக்கி ஓடுகிறார்கள், பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக. ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது நான் இன்னும் ஒரு கணம் திடுக்கிடுகிறேன்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அந்தக் கார்த்திகையில் ஒருநாள் நான் பெயர்ப் பட்டியல் சரிபார்க்க மேல் டிவிசன் லயத்தில் இருந்தேன். வளைவில் எஞ்சின் மூன்று முறை இருமியது. பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். கைக்குழந்தைக்காரி தலையைச் சாய்த்துக் கேட்டாள். "கெழவி சத்தத்தக் காணோமே" என்றாள். பதறாமல் பிள்ளையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அடுத்த வீட்டில் காய்ச்சலாய்க் கிடந்தவளை எழுப்பினாள். ஐந்தாறு பேர் பின்பக்கமாகத் தேயிலைக்குள் நடந்தே போனார்கள். சின்னத்துரை வந்து இறங்கியபோது முற்றத்தில் நானும் இரண்டு கோழிகளும்தான் இருந்தோம். அவர் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"கிளாக்கர், எல்லாம் எங்க?"

அவர்கள் போன நிரை எனக்குத் தெரியும். எத்தனை பேர் என்றும் தெரியும். பட்டியலை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"தெரியாதுங்க தொர" என்றேன்.